குறையில்லாத காரா, குறை மறைக்கப்பட்ட காரா?

சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய கார் வாங்குமுன், ஸ்கேனர் கருவியால் அதனைச் சோதித்துவிடுங்கள். 2013-க்குப் பின் நம் நாட்டில் வந்த கார்கள் பெரும்பாலானவற்றில், ஸ்டீயரிங்கின் கீழே 16 முனைகள் கொண்ட இணைப்பு ஒன்று உண்டு. அதில் கருவியைச் செருகினால், எஞ்சின் கோளாறுகள் குறியெண்களாகத் தெரியும். பி0300 என்றால் எஞ்சினில் எரிபொருள் சீராக எரியவில்லை என்பது பொருள்.

குறியெண் எதுவும் இல்லையெனில் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். அதே கருவியால் அவற்றை நொடியில் அழித்துவிட இயலும். அழித்தபின், காரின் சுயசோதனைகள் பல 'நிறைவுறவில்லை' என்றே காட்டும். அவை நிறைவுறச் சில நாள் ஓட்டம் வேண்டும். பேட்டரியைக் கழற்றியிருந்தாலும் இவ்வாறு காட்டக்கூடும். எனவே விற்பவர்மீது பழி சுமத்தாது காரணம் கேளுங்கள்; மறுசோதனைக்குப் பின்னரே முன்பணம் கொடுங்கள்.

டயரின் தேய்மானத்தையும் அடித்தட்டின் துருவையும் கருவி அறியாது. அவற்றை அறிய, அனுபவமுள்ள மெக்கானிக்கின் கண்களே வேண்டும்.