மன்னாரில் தளர்நடை

பிள்ளைத்தமிழ் மரபு குழந்தையின் பதின்மூன்றாம் மாதத்தை வருகைப் பருவம் என்று அழைக்கிறது. தளர்நடை போடத் தொடங்கிய பிள்ளையை "வா, வா" என்று கூப்பிடும் பருவம் அது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவீடும் இதற்கு அருகில்தான் நிற்கிறது. ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் 8ஆம் மாதத்துக்கும் 18ஆம் மாதத்துக்கும் இடையில் பிடியில்லாமல் நடந்துவிடுகின்றன. சராசரி 12 மாதம். ஒன்று முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும், தள்ளுவண்டியிலோ பெரியவர் முதுகிலோ ஒரே மூச்சில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்று அதே நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. ஊரைச் சுற்றிக் காட்டப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே திரிவதைவிட இறக்கி நடக்க விடுவது நல்லது என்பதற்கு இது போதிய காரணம்.

அந்த நடையின் அளவும் கணக்கிடப்பட்டிருக்கிறது. நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் கரன் அடொல்ஃப் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, 12 முதல் 19 மாத வயதுப் பிள்ளைகள் தம்பாட்டில் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடி வைக்கின்றன. 701 மீற்றர் கடக்கின்றன. 17 தடவை விழுகின்றன. ஓர் அடி ஒரு சாண் நீளத்தை விடக் கொஞ்சம் கூட. பெரும்பாலான நடைகளுக்குப் போய்ச் சேரும் இடம் என்று ஒன்றும் இல்லை. ஆகவே ஒரு காலைக்கு ஓர் இடம் போதும்.

மன்னார் நகரம் இந்தக் கணக்குக்குப் பொருந்தி வருகிறது. தீவு தட்டை, ஏற்றமும் படிக்கட்டும் குறைவு. வீதியோரம் மணல் என்பதால் விழுந்தாலும் காயம் பெரிதாவதில்லை. அதே மணலில் தள்ளுவண்டியின் சில்லு புதையும் என்பதால் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, களைத்தால் இடுப்பில் தூக்கிக்கொள்வதே வசதி.

முதல் நடைக்குக் கோட்டை ஏற்றது. பெருநிலத்திலிருந்து பாலத்தைத் தாண்டியதும் தீவின் வாசலிலேயே அது இருக்கிறது. போர்த்துக்கேயர் 1560இல் கட்டினர்; 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் 1696இல் திருத்திக் கட்டினர்; 1795இல் ஆங்கிலேயர் வசமானது. நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள். பிள்ளைக்கு இந்த ஆண்டுகள் எதுவும் தேவையில்லை. வாசலின் நிழல், கூப்பிட்டால் திரும்பி வரும் குரல், கல்லிடுக்கில் ஓடும் ஓணான் ஆகியவையே அதற்குக் கோட்டை. மதிலின் மேலேறும்போது மட்டும் கையை விடக் கூடாது.

இரண்டாவது நடை பள்ளிமுனையின் பெருக்குமரத்துக்கு. ஆபிரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்ட இந்த மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாகக் கருதப்படுகிறது. அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர். கட்டிப்பிடிக்கப் பன்னிரண்டு பெரியவர்கள் கைகோக்க வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளைகள் என்றால் இருபதுக்கு மேல். தளர்நடையில் மரத்தை ஒருமுறை சுற்றிவர 66 அடி ஆகும். உயரம் குறைந்து பருமன் கூடிய மரம் என்பதால் அண்ணாந்து கழுத்து நோகாமல் சிறுபிள்ளை முழுவதையும் பார்க்கலாம். அங்கிருந்து கரைக்குப் போனால் வலை பொத்துவோரும், இழுத்து ஏற்றிய வள்ளங்களும், நண்டு வளைகளும் உண்டு.

மூன்றாவது, கடைத்தெரு. மூன்று வயதுப் பிள்ளையின் சராசரி உயரம் 95 சென்ரிமீற்றர். அந்த உயரத்திலிருந்து நகரத்தைப் பாருங்கள் என்று கேட்டு பெர்னாட் வான் லியர் அறக்கட்டளை 2016இல் 'அர்பன்95' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மன்னார்க் கடைத்தெருவில் அந்த உயரத்துக்கு நேரே வருவது கழுதையின் முகம். வீதியில் கட்டற்றுத் திரியும் கழுதைகள் இந்த ஊரின் அடையாளம். சாதுவானவைதான், ஆனால் பின்பக்கமாக நெருங்கினால் உதைக்கும், குட்டி ஈன்றது கிட்டப் போனால் கடிக்கும். நாலு எட்டுத் தள்ளி, முன்பக்கத்தில் நின்று பார்ப்பதே முறை.

தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதி நடப்பதற்குரிய இடமல்ல. அது ஏறத்தாழ 3 கிலோமீற்றர். பிள்ளையின் வேகத்தில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும், மதவாச்சியிலிருந்து வரும் ஏ14 வீதியின் வாகனங்களும் அதன் மேல்தான் ஓடுகின்றன. ஓட்டோவில் போய், பாதுகாப்பான ஓரத்தில் இறங்கி, பிள்ளையின் கையைப் பிடித்தபடி நின்று பார்க்கலாம். அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் 4,839 ஹெக்டெயர் பரப்புடையது. 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. மாரியில் பூநாரைகள் வருகின்றன. தூரத்துப் பூநாரைக் கூட்டம் பெரியவருக்கு. கிட்டத்துச் சேற்றில் நடக்கும் நெடுங்கால் உள்ளான் பிள்ளைக்கு.

காலநிலை பார்த்தே நாளைக் குறிக்க வேண்டும். மழை பெரும்பாலும் ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் மணலை வாரி முகத்தில் அடிக்கும்; தீவின் தென்கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகள் நிற்பதே இந்தக் காற்றை நம்பித்தான். தை, மாசிக் காலைகள் இதமானவை. எந்த மாதமானாலும் ஒன்பது மணிக்கு முன்பும் நாலு மணிக்குப் பின்பும் மட்டுமே நடை. உடல் எடையோடு ஒப்பிட்டால் சிறுபிள்ளையின் தோற்பரப்பு அதிகம் என்பதால் வெக்கை சீக்கிரம் ஏறும். தண்ணீர்ப் போத்தல், தொப்பி, மாற்றுச் சட்டை, களைத்தால் போர்த்தித் தூக்க ஒரு பருத்தித் துணி ஆகியவை போதும்.

மிச்சம் ஊரின் கடமை. வீதியோரத்தில் தடையில்லாத நடைபாதை, மூடிய வடிகான், ஐம்பது மீற்றருக்கு ஒரு நிழல்மரம், தாயும் பிள்ளையும் உட்கார ஒரு தாழ்ந்த திண்ணை: பெருக்குமரத்துக்கும் கோட்டைக்கும் போகும் வழிகளில் இவை நான்கும் அமைந்தால், கைத்தடி ஊன்றி வரும் அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் ஒரே வேகத்தில் அங்கே நடந்து போகலாம்.