ஒரு முயல், ரெண்டு முடிச்சு, ஒரு ஓஆர்எஸ் பாக்கெட்

மக்களே, இன்னிக்கு பதிவு பேதியைப் பத்தி. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க முடிச்சுட்டு கை கழுவிட்டு வாங்க :-)

பொட்டி தட்டுறவனுக்கு இதுல என்ன அக்கறைன்னு கேட்கலாம். இருக்கு, சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. சம்பு நாத் டே, இந்தப் பேரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? ஆபீஸ்ல பக்கத்து சீட்டு ஆளுங்ககிட்ட கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. ஒருத்தர் மட்டும் "பழைய பெங்கால் டைரக்டரா?"ன்னார்.

காலரா கிருமி மனுஷனை எதை வெச்சு சாய்க்குதுன்னு 1959-ல சோதனை பண்ணிக் காட்டினவர் அவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில நோய்க்குறியியல் டாக்டர். வெளிநாட்டு லேப்ல இல்ல, இங்கேயே, முயலையும் நூலையும் வெச்சுப் பண்ணினார்.

என் கட்சி இதுதான்: அவரை மறந்ததால அவருக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. நமக்குத்தான். அந்த ஆராய்ச்சி சொன்ன விஷயம் இன்னும் விழுப்புரம், திண்டிவனம் வீடுகளுக்குள்ள முழுசா வந்து சேரல.

கதைக்கு வருவோம். ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்து 1884-ல காலரா கிருமியை அடையாளம் காட்டினார். இது ஏதோ நஞ்சை வெளியே விடுதுன்னு அவருக்கு அப்பவே சந்தேகம். ஆனா அதை நிரூபிக்க 75 வருஷம் ஆச்சு. ஏன்னா பல பேர் கிருமியை மிருகத்தோட ரத்தத்துலயும் வயித்துக்குழியிலயும் ஊசி போட்டுப் பார்த்தாங்க. மிருகம் செத்துச்சு, ஆனா பேதி வரல. புரொடக்‌ஷன்ல வர்ற பக் டெஸ்ட் மெஷின்ல வரலேன்னா நாம எப்படி முழிப்போம், அதே கதை.

டே எளிமையா யோசிச்சார். பிரச்சினை குடல்ல இருக்குன்னா குடல்லயே டெஸ்ட் பண்ணு. முயலோட சிறுகுடல்ல ஒரு துண்டு அளவுக்கு ரெண்டு பக்கமும் நூலால முடிச்சுப் போட்டார். உள்ளே கிருமியைச் செலுத்தினார். ஒரு நாள் கழிச்சுப் பார்த்தா அந்தத் துண்டு மட்டும் தண்ணி கோத்து உப்பியிருந்தது. கிருமி போடாத துண்டு அப்படியே இருந்தது. இது 1953. 1956-ல பேதி வந்தவங்க கிட்ட இருந்து எடுத்த சில ஈ.கோலை கிருமிகளும் இதே வேலையைப் பண்ணுதுன்னு காட்டினார். 1959-ல கடைசி அடி: கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத தண்ணியை மட்டும் உள்ளே விட்டார். அப்பவும் குடல் உப்புச்சு. ஆக, வேலையைக் காட்டுறது கிருமி துப்புற நஞ்சு. நேச்சர் இதழ்ல சின்னக் கட்டுரையா வந்துச்சு. அதே வருஷம் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்துல என்.கே.தத்தா குழுவும் குட்டி முயல்களை வெச்சு நஞ்சுதான் காரணம்னு வேற வழியில காட்டினாங்க.

அந்த நஞ்சு என்ன பண்ணுது? குடல் செல்லுக்குள்ள ஒரு சுவிட்ச் இருக்கு. வேலை முடிஞ்சா தானா ஆஃப் ஆகணும். நஞ்சு உள்ளே போய் அதை ஆன்லயே பூட்டிடுது. உடனே செல் உப்பை வெளியே தள்ளும், உப்பு பின்னாடியே தண்ணியும் ஓடும். கடுமையான காலராவுல மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும் போகலாம். அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி போறதுக்கு இதுதான் காரணம். கிருமியைக் கொன்னாலும், ஏற்கெனவே பூட்டின சுவிட்ச் உடனே திறக்காது. பழைய செல் உதிர்ந்து புது செல் வர்ற வரைக்கும், அதாவது சில நாளைக்கு, தண்ணி போய்க்கிட்டேதான் இருக்கும்.

ஆனா நஞ்சு ஒரு கதவைத் தொடல. சர்க்கரையும் உப்பும் கைகோத்துக்கிட்டு செல்லுக்குள்ள போற தனி வழி ஒண்ணு இருக்கு. ராபர்ட் கிரேன் 1960-ல சொன்னது. ரெண்டும் சரியான அளவுல வந்தா அந்தக் கதவு திறக்கும், தண்ணியும் கூடவே உள்ளே போகும். 1968-ல டாக்காவுல நோயாளிங்க கிட்ட இது வேலை செய்யுதுன்னு காட்டினாங்க. 1971-ல வங்கதேசப் போர் அகதிகள் பங்காவ்ன்ல குவிஞ்சு, முகாம்கள்ல காலரா வந்து 100-க்கு 30 பேர் சாகிற நிலைமை. சலைன் தீர்ந்து போச்சு. டாக்டர் திலீப் மஹலனோபிஸ் டிரம்ல உப்பு சர்க்கரைத் தண்ணியைக் கலந்து சொந்தக்காரங்க கையிலயே குடுத்து குடிக்க வைக்கச் சொன்னார். அவர் குழு பார்த்தவங்கள்ல சாவு 100-க்கு நாலுக்கும் கீழ இறங்கிச்சு.

டே தான் ஓஆர்எஸ்ஸைக் கண்டுபிடிச்சார்னு நான் சொல்லல. இது பல பேர் கை மாறி வந்த வேலை. ஆனா 'உடம்புல எங்கே, எப்படித் தண்ணி போகுது'ங்கிற கேள்வியை நேராக் கேட்டவர் அவர்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். எங்க ஆயா இன்னிக்கும் சொல்ற டயலாக்: "வயித்தால போறவனுக்குத் தண்ணி குடுக்காதடா, இன்னும் போவும்." கண்ணால பார்த்தா அது நியாயமாத்தான் தெரியும். குடிச்சா போகுது, குடிக்கலேன்னா நிக்குது. உடம்பு காய்ஞ்சு போனதால நிக்குதுன்னு யாரும் ஆயாவுக்குச் சொல்லல.

சரி, ஆயா பழைய ஆளு. படிச்சவங்க? போன வருஷம் திண்டிவனத்துல என் அக்கா பொண்ணுக்கு, ரெண்டு வயசு, வயித்தால போச்சு. அக்கா எம்.எஸ்சி. மாமா மருந்துக்கடைக்குப் போய் ஓஆர்எஸ் கேட்டார். கடைக்காரர் பேர்ல ஓஆர்எஸ்னு போட்ட ஆரஞ்சு ஜூஸ் டப்பா ரெண்டு குடுத்தார், கூட ஒரு ஆன்டிபயாடிக் சிரப். குழந்தை ஜூஸை விரும்பிக் குடிச்சா. பேதி அதிகமாச்சு. சாயங்காலம் கண்ணு உள்ள போய், அழுதா கண்ணீர் வரல. விழுப்புரத்துக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. விக்கிரவாண்டி டோல்கேட்ல வண்டி நின்ன அந்த ரெண்டு நிமிஷத்தைப் பத்தி மாமா இன்னும் பேச மாட்டார். பொழைச்சுக்கிட்டா.

ஏன் அதிகமாச்சு? உப்பு கம்மியா, சர்க்கரை ஏகத்துக்கு இருந்தா, அந்தச் சர்க்கரை குடல்ல நின்னு உடம்புல இருக்கிற தண்ணியையும் உள்ளே இழுக்கும். அதனாலதான் அளவு முக்கியம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஒரு லிட்டர் தண்ணிக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9. இந்த அளவுல இல்லாத பானங்கள் பேர்ல 'ஓஆர்எஸ்' போடக்கூடாதுன்னு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபர்ல உத்தரவு போட்டது. ஹைதராபாத் குழந்தைகள் டாக்டர் ஒருத்தர் வருஷக்கணக்கா போராடினதும் அதுக்கு ஒரு காரணம்.

"காலரா எல்லாம் போன தலைமுறை மேட்டர்"னு சொல்றவங்களுக்கு ரெண்டு தேதி. 1992 அக்டோபர், ஓ139-ங்கிற புது வகை காலரா முதல்ல தலைகாட்டின இடங்கள்ல ஒண்ணு நம்ம மெட்ராஸ். மேல்சட்டை புதுசு, நஞ்சு பழசேதான். 2022 ஜூலை, காரைக்கால்ல காலரா பரவி பொது சுகாதார அவசரநிலை அறிவிச்சாங்க. தவிர, உலகம் முழுக்க வருஷத்துக்கு அஞ்சு வயசுக்குக் கீழ 4 லட்சம் குழந்தைகளுக்கு மேல பேதியால சாகுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எல்லாம் காலரா இல்ல, ஆனா பெரும்பாலும் சாகடிக்கிறது ஒண்ணுதான்: தண்ணி இழப்பு.

"முயல் குடல்ல முடிச்சுப் போடுறதுக்கெல்லாம் அரசாங்கம் காசு குடுக்கணுமா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். அண்ணே, உங்க நிலத்துல போட்டிருக்கீங்களே டி.எம்.வி. கடலை, அதுல டி.எம்.வி.ன்னா திண்டிவனம். நம்ம ஊர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்துல யாரோ வருஷக்கணக்கா செடியை எண்ணிக்கிட்டு உக்காந்ததுல வந்த ரகம். அவங்க பேர் உங்களுக்குத் தெரியாது. ஆனா விதை உங்க கொல்லைக்கு வந்து சேர்ந்துச்சு, எப்ப விதைக்கணும்னும் தெரியும். கடலையில நடந்தது பேதியில நடக்கல. பாக்கெட் வந்துச்சு, காரணம் வரல.

டே உயிரோட இருந்தவரைக்கும் இந்தியாவுல பெரிய விருது எதுவும் தரல, எந்த அறிவியல் அகாடமியும் உறுப்பினராச் சேர்த்துக்கல. நோபல் வாங்கின ஜோஷுவா லெடர்பெர்க் இவரை நோபலுக்குப் பரிந்துரைச்சார். கிடைக்கல. 1985-ல இறந்துட்டார். அவருக்கு சிலை வைங்கன்னு நான் கேட்கல. பள்ளிக்கூடப் பாடத்துல அந்த ரெண்டு முடிச்சுச் சோதனையை ஒரு பக்கம் படத்தோட போடுங்க. அதைப் புரிஞ்சுக்கிட்ட பொண்ணு நாளைக்கு அம்மாவானா, ஜூஸ் டப்பாவைத் திருப்பி அளவைப் படிப்பா. ஆயா சொல்றதுக்கும் பதில் சொல்லுவா.

உங்க ஊர்ல வயித்தால போனா என்ன குடுக்கிறாங்க, எதைக் குடுக்கக் கூடாதுங்கிறாங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. ரத்தம் கலந்து போனாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, ஒண்ணுக்குப் போகாம இருந்தாலோ பதிவு படிச்சுக்கிட்டு இருக்காதீங்க. ஓஆர்எஸ் குடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. பாக்கெட் கிடைக்கலேன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.