சுனாமிக்குக் குண்டு காரணமில்லை

கடலூர், நெல்லிக்குப்பம் பக்கம் சுனாமிப் பேச்சு எழுந்தால், “ஏதோ வல்லரசு கடலுக்கடியில் அணுகுண்டைச் சோதித்தது, நிலநடுக்கம் என்று மூடிவிட்டார்கள்” என்பவர்கள் இன்றும் உண்டு. மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் பறிகொடுத்த துயரம் ஒரு குற்றவாளியைத் தேடுவது புரிகிறது. ஆனால் இந்த நம்பிக்கை ஆபத்தானது. குண்டென்றால் அன்றோடு போயிற்று. நிலநடுக்கம் திரும்ப வரும்.

வெடி, பாறையைச் சுற்றிலும் வெளியே தள்ளும். எந்தத் திசையில் அதிர்வுமானி இருந்தாலும் முதல் அலை தள்ளலாகவே வந்து சேரும். நிலநடுக்கத்தில் பாறைகள் ஒன்றையொன்று உரசி நழுவுவதால் சில திசைகளில் தள்ளல், சில திசைகளில் இழுப்பு. 2004 டிசம்பர் 26 அன்று கடலே இதைக் காட்டியது. தாய்லாந்துக் கரையில் தண்ணீர் முதலில் உள்வாங்கியது. நம் கரையின் கடல்மட்டக் கருவிகளில் முதலில் ஏறியது. கடல்தரை மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்ததன் விளைவு அது. குண்டு என்றால் இரு கரையிலும் ஒரேமாதிரி அல்லவா தொடங்கியிருக்க வேண்டும்?

வெடி நொடியில் முடிந்துவிடும். அன்றைய பிளவோ சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. ஓடி முடிய எட்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. கிரேட் நிகோபாரின் இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடி தண்ணீருக்குள் போனது.

“அமெரிக்காவிடம் இல்லாத குண்டா?” என்பார்கள். நிலத்தடியில் அமெரிக்கா வெடித்ததிலேயே பெரியது, 1971 நவம்பர் 6-ல் அலாஸ்காவின் அம்சிட்கா தீவில், ஏறக்குறைய 5 மெகாடன். சுனாமி வருமென்று அஞ்சி அன்று மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். அதிர்வு 7 அளவை ஒட்டி நின்றது, சுனாமி வரவில்லை. 2004-ல் அளவு 9.1. அளவில் இரண்டு கூடினால் ஆற்றல் ஆயிரம் மடங்கு.

மறைத்திருக்கலாமே? 1998 மே 11 வரை பொக்ரான் அணுச்சோதனை ரகசியத்தை இந்தியா கட்டிக் காத்தது. வெடித்த சில நிமிடங்களில் உலகத்து அதிர்வுமானிகள் அதைப் பதிந்துவிட்டன. மே 13-ல் நடந்த, ஒரு கிலோடன்னுக்கும் குறைவான சோதனைகள் வெளிநாட்டு நிலையங்களுக்குத் தெரியவில்லை என்பது உண்மை. சிறியது தப்பலாம். பூமி முழுவதையும் மணிபோல் அதிரவைத்தது தப்பாது. கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் பாபா அணு ஆராய்ச்சி மையம் 1965 முதல் அணுவெடிகளைக் கண்டறியவென்றே காது கொடுத்துக் கேட்கிறது.

நிலநடுக்கம் திரும்ப வரும் என்றதற்குச் சான்று வேண்டுமா? சுனாமிக்குப் பின் மூன்றே மாதத்தில், 2005 மார்ச் 28-ல், அதே நிலத்தட்டு விளிம்பு சற்றுத் தெற்கே நியாஸ் தீவருகில் 8.6 அளவில் மறுபடி நழுவியது.