டாக்டர்கிட்ட சொல்லாத அந்த ஜூஸ்

"முள் சீத்தா கீமோவை விட பத்தாயிரம் மடங்கு சக்தி வாய்ந்தது. பகிருங்கள், ஒரு உயிரையாவது காப்பாற்றலாம்." இந்த ஃபார்வர்ட் உங்க குடும்ப குரூப்புக்கும் கண்டிப்பா வந்திருக்கும். நம்மள்ல பாதிப் பேர் சிரிச்சிட்டு ஸ்க்ரோல் பண்ணிடுவோம். ஆனா யார் வீட்டுல ஒரு குழந்தைக்குப் புற்றுநோயோ, அவங்களால சிரிக்க முடியாது. அவங்க நம்மகிட்டதான் வந்து கேப்பாங்க. தெருவுல இன்ஜினியரிங் படிக்கிற ஒரே தகுதிதான் காரணம்.

எங்க தெருவுல ஒரு அக்கா அப்படித்தான் கேட்டாங்க. அவங்க பொண்ணுக்கு ஏழு வயசு, ரத்தப் புற்றுநோய். பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமான்னு கேட்டாங்க. டாக்டர்கிட்ட கேட்டீங்களாக்கான்னேன். "கேட்டா திட்டுவாங்கப்பா" என்றார்.

என்னைப் பொறுத்தவரை, அந்தச் சாறை விட இந்தப் பதில்தான் ஆபத்தானது.

குழந்தைகளுக்கு அதிகமாக வருவது ஏஎல்எல் என்கிற ரத்தப் புற்றுநோய். பணக்கார நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். ஆனால் சிகிச்சை இரண்டு மூன்று வருடம் ஓடும். அதில் நீளமான கடைசிக் கட்டம் பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கும். தினமும் மெர்காப்டோப்யூரின் மாத்திரை, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட். குழந்தையின் உடல் பரப்பளவைக் கணக்கிட்டு டோஸ் தொடங்குவார்கள். பிறகு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்குவார்கள். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல அரியர் வெச்சவங்களுக்கும் இது புரியும்: இது ஒரு க்ளோஸ்டு லூப். மாத்திரை இன்புட், ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் கல்லீரல் ரிப்போர்ட்டும் அவுட்புட், டாக்டர்தான் கன்ட்ரோலர்.

இப்போ இந்த லூப்புக்குள்ள டாக்டருக்குத் தெரியாம ஒரு கஷாயம் நுழையுதுன்னு வைங்க. கல்லீரல் அளவுகள் எகிறுது. அவர் யாரைச் சந்தேகப்படுவார்? தனக்குத் தெரிஞ்ச மாத்திரையைத்தான். டோஸைக் குறைப்பார், இல்ல சில நாள் நிறுத்துவார். குற்றம் செஞ்சது கஷாயம், வேலை போனது மருந்துக்கு. அந்த இடைவெளியில் லாபம் புற்றுநோய்க்கு மட்டும்தான். இது வெறும் கற்பனை இல்லை. கொரோனா சமயத்தில் எல்லாரும் குடித்த சீந்தில் ஞாபகம் இருக்கா? அதை எடுத்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்ற சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். ஏற்கெனவே கல்லீரலைச் சோதிக்கிற மருந்து சாப்பிடும் குழந்தையிடம் அந்தச் சண்டைக்குத் தீர்ப்பு தேட வேண்டாம்.

"சரி, சத்து டானிக்ல என்ன வந்துடப் போகுது?" இதற்கு நம்ம ஊர்த் தொடர்புள்ள ஒரு பதில் இருக்கு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் ஃபோலிக் ஆசிட் பற்றி ஆராய்ந்தார். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அந்த ஃபோலிக் ஆசிட்டைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் வேகமெடுத்ததாகக் கருதினார். அப்படியானால் ஃபோலிக் ஆசிட்டைத் தடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். சுப்பாராவின் குழு தடுப்பான்களைத் தயாரித்துக் கொடுத்தது. 1948-ல் வெளியான ஃபார்பரின் அறிக்கையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு, தற்காலிகமாகத்தான், நோய் பின்வாங்கியிருந்தது. மெத்தோட்ரெக்ஸேட் அதே குடும்பத்து மருந்து. ஃபோலிக் ஆசிட் வேலை செய்யும் வழியை மறிப்பதுதான் அதன் வேலையே. பிள்ளை வெளுத்துப் போயிருக்கேன்னு பாட்டி பாசத்தோட வாங்கிக் கொடுக்கிற டானிக்கில் பெரும்பாலும் இரும்பும் ஃபோலிக் ஆசிட்டும்தான் இருக்கும். மருந்து ஒரு பக்கம் இழுக்க, பாட்டி மறுபக்கம்.

"இயற்கைதானே, பக்கவிளைவு கிடையாது" என்பதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தரும் வசனம். நித்தியகல்யாணியைப் பாருங்க. சுடுகாட்டு மல்லின்னு சொல்வோமே, அதேதான். சர்க்கரைக்கு நல்லதுன்னு நாட்டு வைத்தியத்தில் பெயர் இருந்ததால் 1950-களில் கனடாவில் அதை எலிகளுக்குக் கொடுத்தார்கள். சர்க்கரை குறையல, வெள்ளை அணுக்கள் குறைஞ்சது. அந்தச் செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் வந்தது. இன்று ஏஎல்எல் வந்த குழந்தைகள் எல்லாருக்கும் ஏறுகிற மருந்து. இயற்கைதான்! ஆனால் வழக்கமாக ஒரு தடவைக்கு 2 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. நரம்பில் ஏற்ற வேண்டியதைத் தவறி முதுகுத்தண்டில் போட்டால் உயிரே போகும். சில பூஞ்சை மருந்துகளோடு சேர்ந்தால் அது உடம்பில் கூடுதல் நேரம் தங்கி நரம்புகளைக் கெடுக்கும். செடியை மருந்தாக்கியது அதன் இயற்கைத்தன்மை இல்லை, அளவு. ஒரு டம்ளர் இலைச் சாற்றில் எது எவ்வளவு இருக்குன்னு அரைத்தவருக்கே தெரியாது.

மற்ற சிக்கல்களும் இருக்கு. 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஏதாவது இருந்தது. வெள்ளை அணுக்கள் குறைந்த நேரத்தில் காய்ச்சாத பச்சைச் சாறு கிருமியையும் சேர்த்தே கொண்டுவரும். தட்டணுக்கள் குறைவா இருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் உள்ளே ரத்தம் கட்டும்.

அதுக்காக எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்லல. பாட்டு, கதை, விளையாட்டு, மூச்சுப் பயிற்சி, டாக்டரைக் கேட்டு இதமாகக் கை கால் பிடித்துவிடுவது எல்லாம் ஊசி பயத்தையும் தூக்கமின்மையையும் குறைக்க உதவும். விபூதி பூசுவதும் முடி காணிக்கை நேர்ந்துகொள்வதும் அந்தக் குடும்பத்தோட தைரியம். அதில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை. கோடு எங்கே என்றால், வாய் வழியாகவோ ஊசி வழியாகவோ எது உள்ளே போனாலும் டாக்டருக்குத் தெரிந்தே போக வேண்டும். கீமோவை விட்டுவிட்டு இதை மட்டும் செய்வது தனிக் கதை. பெரியவர்களிடம் நடந்த ஒரு யேல் பல்கலைக்கழக ஆய்வு 2018-ல் வந்தது. மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களுக்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓபியில் நூறு பேர் காத்திருப்பது தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் "வீட்ல வேற என்னம்மா கொடுக்கறீங்க?" என்று சாதாரணமா கேளுங்க. ஒருமுறை திட்டினால், அடுத்த தடவை அந்த அம்மா சாறை நிறுத்த மாட்டாங்க, சொல்றதைத்தான் நிறுத்துவாங்க.

இது குழந்தைகளோட முடியுற விஷயமும் இல்ல. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவும் சில எலும்புப் புற்றுநோய்களும் நம்ம வயசுலயே வரும். பதினெட்டு தாண்டினால் சம்மதப் படிவத்தில் கையெழுத்து நம்மோடதுதான். ஜிம்முக்காக வாங்கின பவுடரும் ஆன்லைன்ல வாங்கின விட்டமின் கேப்சூலும் அப்போ அந்தக் கணக்குல வரும். அதனால யாராவது உங்ககிட்ட கேட்டா, சரின்னும் சொல்லாதீங்க, கிண்டலும் பண்ணாதீங்க. புட்டியோட லேபிளை போட்டோ எடுத்து அடுத்த செக்கப்புக்குக் கொண்டுபோகச் சொல்லுங்க. தனியா போக பயமா இருந்தா கூடப் போங்க. லேபிளே இல்லாத புட்டியா இருந்தா, புட்டியையே எடுத்துட்டுப் போங்க.