கைரேகையும் பதினான்காம் திருத்தமும்

2025 சனவரி 20 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரம்ப் ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். தாய் சட்டப்படியான அனுமதியின்றியோ தற்காலிக அனுமதியிலோ அந்நாட்டில் இருந்து, தந்தையும் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பாளராகவோ இல்லையெனில், அங்குப் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்பது அதன் சாரம். உடனே தமிழ்ச் சமூக ஊடகங்களில் சட்டம் பயின்றோர் பலர் 1898ஆம் ஆண்டின் வோங் கிம் ஆர்க் தீர்ப்பை எடுத்துப் போட்டு, பதினான்காம் திருத்தத்தின் மேன்மையைப் புகழ்ந்தனர். ஹெச்1பி விசாவில் இருக்கும் உறவினரின் பிள்ளைக்கு என்னாகும் என்ற கவலை அதில் பாதி. கவலை நியாயமானது, வாசிப்பு அரைகுறையானது.

1898இன் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹோரஸ் கிரே. அதே கிரே, 1893இல் ஃபாங் யூ டிங் வழக்கின் தீர்ப்பையும் எழுதினார் என்பதை அப்பதிவுகளில் ஒன்றும் சொல்லவில்லை. 1892ஆம் ஆண்டின் கியரி சட்டம் சீனத் தொழிலாளர் ஒவ்வொருவரும் பதிவுச் சான்றிதழ் பெறவேண்டும் என்றது. சான்றிதழ் இல்லாதவர், தாம் முன்பே அங்கு வசித்தவர் என்பதை நம்பத்தகுந்த வெள்ளையர் ஒருவரின் சாட்சியத்தால் நிறுவவேண்டும் என்றது. சீனர்களில் பெரும்பாலோர் பதிவு செய்ய மறுத்து நீதிமன்றம் சென்றனர். தோற்றனர். அயலாரை வெளியேற்றும் அதிகாரம் இறையாண்மையின் இயல்பு, வெளியேற்றம் தண்டனை ஆகாது என்றார் கிரே. மண்ணில் பிறந்த மகனுக்கு உரிமை தந்த அதே கை, அவனுடைய தந்தையைக் காகிதத்தின் தயவில் நிறுத்தியிருந்தது. முதல் தீர்ப்பைப் படிக்காமல் இரண்டாவதைக் கொண்டாடுவோருக்கு இன்றைய ஆணை வானிலிருந்து விழுந்ததாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இவ்விரு தீர்ப்புகளையும் இந்திய மாணவருக்குக் கற்பிக்கச் சான்பிரான்சிஸ்கோவுக்குப் போகவேண்டியதில்லை. கோலார் தங்கவயல் போதும். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் ஆழச் சுரங்கம் தொடங்கியபின், வட ஆற்காட்டிலிருந்தும் அண்டைப் பகுதிகளிலிருந்தும் சென்று நிலத்தடியில் இறங்கியோரில் பெரும்பான்மையர் தமிழ்பேசும் ஒடுக்கப்பட்ட சாதியினர். மைசூர் மன்னராட்சியின் நிலத்தில் ஆங்கிலேயக் கம்பெனியின் ஆட்சி. தங்கத் திருட்டைத் தடுப்பது என்ற பெயரில் தனிச் சட்டம், தனிக் காவல். 1930இல் தொழிலாளர் அனைவரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற திட்டம் வந்தபோது, வலுவான தொழிற்சங்கம் ஏதும் வேரூன்றாத அக்காலத்திலேயே, அவர்கள் ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கத்துக்குள் இறங்க மறுத்தனர். கைரேகை எடுக்கப்படுவது குற்றவாளிகளிடம் என்பது அவர்கள் அறிந்த செய்தி. நிருவாகம் பின்வாங்க நேர்ந்தது.

சீனர் நீதிமன்றத்தில் இழந்ததைத் தங்கவயலார் சுரங்க வாயிலில் வென்றனர். இவ்வரலாறு மறைந்து கிடக்கவில்லை. ஜானகி நாயரின் ஆய்வுகள் அச்சில் உள்ளன. அயோத்திதாசர் வழிவந்த பௌத்தர்கள் அதே வயலில் அச்சகம் நடத்தி நூல் வெளியிட்டதும் ஆய்வாளர் அறிந்ததே. ஆயினும் ஒப்பீட்டு அரசமைப்புச் சட்டம் நடத்தும் வகுப்பறைக்குள் தங்கவயல் நுழைவதில்லை. அது தொழிலாளர் வரலாற்றுத் துறையின் பொருளாம். தீர்ப்பாக அச்சேறியது மட்டுமே சட்டம் என்று கருதும் இக்கல்வி, சட்டத்தை எதிர்த்து வென்றவர்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிக்கிறது.

அமெரிக்கச் சட்டம் நமக்கு அந்நியம், அதைப் படிப்பதே வீண் என்னும் எதிர்த்தரப்பும் இதே அறியாமையில்தான் நிற்கிறது. 1947 ஏப்ரலில் அரசமைப்பு நிர்ணய சபையின் முன் வைக்கப்பட்ட அடிப்படை உரிமைகள் குறித்த இடைக்கால அறிக்கையின் குடியுரிமைப் பிரிவைப் பார்க்கட்டும். ஒன்றியத்தில் பிறந்து அதன் அதிகார வரம்புக்கு உட்பட்ட ஒவ்வொருவரும் குடிமகன் என்ற அவ்வாசகம், பதினான்காம் திருத்தத்தின் வார்ப்பு. ட்ரம்ப் தரப்பு இன்று பற்றித் தொங்குவதும் அந்த ‘அதிகார வரம்புக்கு உட்பட்ட’ என்ற தொடரையே. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பிறப்பையே போதுமான தகுதியாக ஏற்றது. பின்னர் அவ்வாயில் இருமுறை குறுக்கப்பட்டது: 1987 சூலை 1 முதல் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்கவேண்டும், 2004 திசம்பர் 3 முதல் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருத்தலாகாது. அமெரிக்காவில் ஓர் ஆணையால் செய்ய முயல்வதை இந்தியா நாடாளுமன்றத்தின் வழியே எப்போதோ செய்து முடித்துவிட்டது. அதற்கு இத்தனை கண்டனப் பதிவுகள் வரவில்லை.

2025 சூன் 24 அன்று பீகாருக்கெனத் தேர்தல் ஆணையம் பிறப்பித்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்த ஆணை, 2003 பட்டியலில் பெயரில்லாதவர்களை இதே இரு தேதிகளைக்கொண்டு மூன்று கூறாக்கியது. நவம்பரில் அத்திருத்தம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் விரிந்தது. இது குடியுரிமையைத் தீர்மானிக்கும் நடவடிக்கை ஆகாது என்று வாதிடலாம். ஆனால் கேட்கப்படும் காகிதம் குடியுரிமையின் காகிதம். அயலவர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் சுமையைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்மீதே ஏற்றிய 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவையும், 2025இன் புதிய சட்டம் அதைக் கைவிடாததையும் அருகில் வைத்துப் படித்தால், கியரி சட்டத்தின் நிழல் புலப்படும். வெள்ளைச் சாட்சிக்குப் பதில் பழைய பட்டியல்.

பீகாரில் ஏற்கத்தக்கவை என அறிவிக்கப்பட்ட 11 ஆவணங்களில் முதலாவது, அரசு அல்லது பொதுத்துறை நிறுவனத்தின் நிரந்தர ஊழியருக்கோ ஓய்வூதியருக்கோ வழங்கப்பட்ட அடையாள அட்டை. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் பொதுத்துறை நிறுவனமே, 2001இல் மூடப்பட்டது. மாரிக்குப்பத்தில் விடியுமுன் பெங்களூரு ரயிலேறும் தலைமுறையில், தந்தையின் அட்டையைப் பத்திரப்படுத்தியவர் தப்பிக்கலாம். நிரந்தர ஊழியர் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாதவரின் மகள் எதைக் காட்டுவாள்? கைரேகை வைக்க மறுத்தவனின் கொள்ளுப்பேத்தி, பதிவேட்டில் அவன் பெயர் இருக்கிறதா என்று தேடவேண்டிய நிலையை எந்தப் பாடத்திட்டத்தின் எந்த அலகில் கற்பிப்பது என்று அமெரிக்க அரசமைப்புச் சட்ட வல்லுநர்கள் சொல்லட்டும்.