நீராவி எந்திரங்களைக் காத்தல்

விருத்தாசலம் பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற ஊர். களிமண்ணைப் பதப்படுத்தும் முறையை நூல்களில் எழுதி வைக்கலாம். சூளையின் வெம்மை பதமாகிவிட்டதா என்பதைப் பழகிய கண்ணே எளிதில் அறியும். அவ்வூர் புகைவண்டிச் சந்திப்பும் ஆகும். விழுப்புரம், திருச்சிராப்பள்ளி, கடலூர், சேலம் ஆகிய நான்கு திசைப் பாதைகளும் அங்குக் கூடுகின்றன. அப்பாதைகளில் நெடுங்காலம் வண்டிகளை இழுத்த நீராவி எந்திரங்களுக்கும் சூளைக்குச் சொன்னதே பொருந்தும். பழகிய கண்ணும் கையும் இல்லையேல் அவை வெறும் இரும்பே.

பழைய எந்திரங்களைக் காக்க வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால், மேடைமீது நிறுத்தி வண்ணம் பூசிவிட்டால் கடமை முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். வண்ணத்திற்குள்ளே துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

1855-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்சு நகரில் செய்யப்பட்ட எந்திரம் ஒன்று, கிழக்கிந்திய இரயில்வேயில் உழைத்து 1909-இல் ஓய்வு பெற்றது. பின்னர் ஒரு நூற்றாண்டுக் காலம் ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப் பொருளாய் நின்றது. சென்னைப் பெரம்பூர்ப் பணிமனைத் தொழிலாளர் அதனைச் செப்பனிட்டனர். 2010-இல் அது மீண்டும் இருப்புப்பாதையில் ஓடிற்று!

இத்தகைய பணி எளிதன்று. கொதிகலனுள் நெருப்பின் வெம்மையைச் சுமக்கும் குழாய்கள் பல உள்ளன. அவற்றைச் சூழ்ந்திருக்கும் நீரிலிருந்து உப்புப் படிந்தால் வெம்மை பரவாது. தகடு மெலிந்தால் கலன் வெடிக்கும். ஆகவே நெருப்பு மூட்டுமுன், குளிர்ந்த நீரை நிரப்பி மிகுந்த அழுத்தம் கொடுத்துச் சோதிப்பர். குறையிருப்பின் நீர் கசியும், அவ்வளவே. நீராவியாயின் உயிர்ச்சேதம் நேரும். நெருப்பறையினுள் சூளைக் கற்களால் அமைந்த வளைவு ஒன்றும் உண்டு. நிலக்கரிப் புகை நேரே குழாய்களுக்குள் புகாமல் சுற்றிச் சென்று நன்கு எரிய அது துணை செய்கிறது. பீங்கான் ஊர்ப் பிள்ளைகளுக்கு அக்கல்லின் அருமை தெரியும்.

தேய்ந்த உறுப்புகளை மாற்றிக்கொண்டே போனால் பழமை எங்கே என்று சிலர் வினவுகின்றனர். நல்ல வினாவே. கழற்றிய உறுப்பை எடைக்குப் போடாமல், குறிப்பெழுதி அருங்காட்சியகத்தில் வைத்தல் வேண்டும். செலவு மிகுதி என்போரும் உளர். எல்லா எந்திரங்களையும் ஓட்டவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை; வகைக்கு ஒன்று போதும்.

நீலகிரி மலைப்பாதையில் சுவிட்சர்லாந்து எந்திரங்கள் பல்லாண்டுகள் உழைத்தன. 2005-இல் அப்பாதை உலக மரபுச் சின்னமாயிற்று. அதற்கென 2011 முதல் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனை புதிய நீராவி எந்திரங்களையே செய்தது. 2021-இல் நிலக்கரியால் இயங்குவதொன்றையும் செய்து முடித்தது. இவை புதியனவாயினும், என் கருத்தில் இதுவும் மரபுக் காப்பே. எந்திரம் புதிது; தொழில் பழையது.

அகல இருப்புப்பாதையில் நீராவி வண்டிகளின் வழக்கமான ஓட்டம் 1995-இல் நின்றது. அன்று தொழில் பழகிய இளைஞரும் இன்று ஓய்வு பெறும் வயதினர். ஆண்டுதோறும் தொழிற்பயிற்சி மாணவர் சிலரையேனும் பொன்மலைக்கும் பெரம்பூருக்கும் அனுப்பி, அம்முதியோரிடம் கொதிகலன் வேலையைக் கற்பிக்க அரசு முன்வருதல் வேண்டும். இதற்குப் பத்தாண்டு காத்திருக்க இயலாது.