சட்டம் ஏறிவரும் வண்டி!

அபராதச் சீட்டை எழுதும் கை, சட்டத்தின் கை. அந்தக் கையை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வருகிற வண்டி மட்டும் புகையைக் கக்கிக்கொண்டு வரலாமா?

நியூயார்க் நகரத்தைப் பார்த்து நாம் கேட்கும் கேள்வி இது. எங்கோ கிடக்கும் நகரத்தைப் பற்றி நமக்கென்ன கவலை என்று எண்ணவேண்டாம், தோழர்களே! உழைப்பவன் மூச்சு எந்த நாட்டிலும் மூச்சுதான். அவன் நெஞ்சிலே படியும் கரி எந்த நாட்டிலும் கரிதான்.

அந்த நகராட்சிக்குச் சொந்தமாக ஏறத்தாழ 30,000 வண்டிகள் உண்டு. அவற்றை மின்சாரத்தில் ஓடும் வண்டிகளாக மாற்ற 2020 பிப்ரவரியில், அன்று மேயராக இருந்த டி பிளாசியோ ஆணையிட்டார். 2022-இலேயே மின்வண்டிகளின் எண்ணிக்கை 4,000-ஐத் தாண்டிற்று. 2023-இல் சுமார் 925 பழைய வண்டிகளை மாற்ற, மத்திய சர்க்கார் 1 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. அதே ஆண்டு சட்டமும் வந்தது: சில விலக்குகள் நீங்கலாக, சிறிய, நடுத்தர வண்டிகள் 2035-க்குள்ளும், பெரிய வண்டிகள் 2038-க்குள்ளும் புகையை விட்டொழிக்கவேண்டும்.

நல்ல காரியம்! பாராட்டுகிறோம். ஆனால் பந்தி போட்டாயிற்று என்றால், முதல் இலை யாருக்கு? மேலதிகாரி ஏறும் பளபளப்பான காருக்கா? வண்டி நிறுத்தும் இடங்களைச் சுற்றிச் சுற்றி வந்து சீட்டு எழுதும் ஊழியரின் வண்டிக்கா? ஊழியரின் வண்டிக்கே என்கிறோம் நாம்!

காரணம் கேட்பீர்கள். கூறுகிறோம்.

அந்த வண்டியின் பிழைப்பைப் பாருங்கள். பத்து கெஜம் ஓடும், நிற்கும். ஊழியர் இறங்குவார், எண்ணைப் பார்ப்பார், எழுதுவார், ஏறுவார். மீண்டும் பத்து கெஜம்! வண்டி நிற்கிறது, ஆனால் இஞ்சின் எரிகிறது. ஓடாத ஓட்டத்துக்கு எண்ணெய்; போகாத ஊருக்குப் புகை! மின்வண்டியோ, நின்றால் மோட்டாரும் நிற்கும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியில் ஒரு பகுதியைப் பாட்டரிக்கே திருப்பித் தரும். நெடுந்தொலைவு போக மின்சாரம் போதுமா என்று வழக்காடுவோர் உண்டு. நாலு தெருவைச் சுற்றிவிட்டு, வேலை முடிந்ததும் கொட்டடிக்குத் திரும்பும் வண்டிக்கு அந்த வழக்கு ஏது? இரவெல்லாம் மின்சாரம் ஏற்றிக்கொள்ள இடமும் உண்டு, நேரமும் உண்டு.

2016-இல் அங்கே பழைய மூன்று சக்கர வண்டிகளை அகற்றி, ‘ஸ்மார்ட்’ என்னும் குட்டிக் கார்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். குளிர்சாதனம் வைத்த கார்! வெயிலிலே வெந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் பெட்ரோலில் ஓடியது. நின்ற இடத்தில் குளிர்ச்சி வேண்டுமானால் இஞ்சின் எரிந்தாகவேண்டும். உள்ளே இருப்பவருக்குக் குளிர். வெளியே நடப்பவருக்குப் புகை! இதுவா நியாயம்?

இன்னொன்று கேளுங்கள். நின்ற வண்டியின் இஞ்சினை மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடவிடக்கூடாது என்பது அந்த நகரத்துச் சட்டம். பள்ளிக்கூடத்தின் அருகே ஒரே நிமிடம்தான். அப்படி நிற்கும் லாரியைப் படமெடுத்துப் புகார் செய்யும் குடிமகனுக்கு, அபராதத்தில் கால் பங்கு தரவும் 2018-இல் வழி செய்தார்கள். லாரிக்காரனுக்கு இத்தனை கட்டுப்பாடு விதிக்கும் நகரம், தன் சொந்த வண்டியின் பின்புறத்தை முதலில் பார்க்கவேண்டாமா? ஊருக்குத்தான் உபதேசமா?

“மின்சாரமும் எங்கோ எரித்துத்தானே வருகிறது” என்று சிரிக்கும் மேதாவிகள் உண்டு. பெட்ரோல் இஞ்சினில் எரிவதில் பெரும்பங்கு வெப்பமாகவே வீணாகிறது. மின்மோட்டாரில் பெரும்பங்கு சக்கரத்துக்குப் போகிறது. மின்சாரம் காற்றிலும் கதிரவன் ஒளியிலும் கூடப் பிறக்கும், பெட்ரோல் பிறக்குமா? அதோடு, ஆலையின் புகைபோக்கி குழந்தையின் மூக்குக்கு நேரே நிற்பதில்லை. காரின் குழாய் நிற்கிறது! அதே நகரத்தில் தெற்கு பிராங்ஸ் என்றொரு பகுதி. நெடுஞ்சாலைகள் சூழ்ந்தது, லாரிகள் ஓயாது ஓடுவது, ஏழைகள் வாழ்வது. ஆஸ்துமாவால் இரைக்கும் குழந்தைகள் அங்கே மிகுதி. அந்தத் தெருக்களுக்குத்தான் புது வண்டி முதலில் போகவேண்டும்.

மின்வண்டி என்ன, நேற்று முளைத்த விந்தையா? 1897-லேயே நியூயார்க்கில் மின்சார வாடகை வண்டிகள் ஓடின. 1899-இல் அப்படியொரு வண்டியை மணிக்கு 12 மைல் வேகத்தில் ஓட்டிய சாரதியை ‘அதிவேகம்’ என்று பிடித்தார் ஒரு காவலர். எதில் துரத்திப் பிடித்தார்? மிதிவண்டியில்! அன்று சட்டமும் புகையவில்லை, குற்றவாளியும் புகையவில்லை. பிறகு வந்தது மலிவான பெட்ரோல் கார், மங்கிற்று மின்வண்டி.

ஆனால், வண்டியை மாற்றினால் மட்டும் சட்டம் தூய்மையாகிவிடுமா? 1997 நவம்பர் முதல் 2002 முடிய, அதே நகரத்தில் வெளிநாட்டுத் தூதர்களின் கார்களுக்கு எழுதப்பட்டுப் பணம் கட்டப்படாத சீட்டுகள் 1,50,000-க்கு மேல்! தொகை, 1 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல்! ஃபிஸ்மன், மிகுவெல் என்ற பொருளாதார அறிஞர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு கூறும் கணக்கு இது. நாள் சம்பளக்காரன் ஒரு சீட்டுக்கு நடுங்கினான். துரைமார் கத்தைகளைக் கசக்கி எறிந்தனர். 2002-இல், கட்டாவிட்டால் நம்பர் பலகையைப் பறிப்போம் என்றது நகரம். ஏறத்தாழ 98 விழுக்காடு குறைந்தது குற்றம்! சட்டம் நிமிர்ந்தால் சீமானும் குனிவான் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பட்டறைத் தொழிலாளரையும் மறக்கலாகாது. மின்வண்டிக்கு இஞ்சின் எண்ணெய் மாற்றும் வேலை இல்லை. அதற்காக, எண்ணெய்க் கறை படிந்த கைகளை வெறுங்கைகளாக்கி வீட்டுக்கு அனுப்புவதா? கூடாது! புதுத் தொழிலை நகரமே கற்றுக்கொடுக்கட்டும். கற்கும் நாளுக்கும் கூலி கொடுக்கட்டும்.

நாம் கேட்பது மூன்று. சீட்டு எழுதும் ஊழியருக்கு முதல் வண்டி! ஏழையின் தெருவுக்கு முதல் பயணம்! பட்டறைத் தொழிலாளிக்குப் புதுப் பயிற்சி! இவை மூன்றும் நடந்தால், சட்டம் ஏறிவரும் வண்டியை மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அல்ல, முகம் மலர்ந்து பார்ப்பார்கள்.